இறங்காம நிக்கப் பலம் கேட்டேன்

என் மனைவியோட தம்பி கீழே மூச்சுப்பேச்சு இல்லாம கிடக்குறான். நான் மேல, ஏணி தொடங்குற இடத்துல, ரெண்டு கையையும் விரிச்சு வழியை மறிச்சுக்கிட்டு நிக்கிறேன். ஒருத்தரையும் இறங்க விடல. நானும் இறங்கல. அந்த நேரத்துல ஆண்டவர் எனக்கு என்ன செஞ்சாருன்னு சொல்லத்தான் இன்னைக்கு உங்க முன்னால எந்திரிச்சிருக்கேன். எனக்குப் பிரசங்கம் பண்ணத் தெரியாது. நடந்ததை நடந்தபடி சொல்றேன், கேட்டுக்குங்க.

இது எண்பதுகளோட ஆரம்பத்துல நடந்தது. வட்டகொடைப் பக்கம் எங்க தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே ஆத்தை மறிச்சு அணை கட்டுற வேலை ஓடிக்கிட்டிருந்துச்சு. மலையைக் குடைஞ்சு சுரங்கம் வேற. தோட்டத்துல காலையில பேர் குடுக்குற பெரட்டுக்குப் போய்க்கிட்டிருந்த ஆம்பளைங்கள்ல பாதிப் பேர் கொழுந்துக் கூடைக்கும் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்திக்கும் கும்பிடு போட்டுட்டு அணை வேலைக்கு வந்துட்டாங்க. நானும் வந்தேன். ஹட்டன்ல கொஞ்சம் படிச்சிருந்தேன், சிங்களம் தண்ணி பட்ட பாடு, இங்கிலீசும் அரைகுறையாத் தெரியும். அதனால சேஃப்டி ஆபிசர் வெள்ளைக்காரத் துரைக்கு உதவியாளா என்னைப் போட்டாங்க.

அந்த வேலை என்னன்னு கேட்டா, காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் "வேணாம், வேணாம்"னு சொல்றதுதான். தொப்பி போடாம போக வேணாம். பெல்ட் கட்டாம மேல ஏற வேணாம். ஓடைத் தண்ணியைக் கொதிக்க வைக்காம குடிக்க வேணாம். லொறிக்காரங்க அந்த ஓடையிலேயே லொறியைக் கழுவி எண்ணெயை விடுவாங்க. கீழ் லயத்து வரிசை வீட்டுச் சனம் அதைத்தான் குடிக்குது. அவங்களோட நான் போட்ட சண்டைக்குக் கணக்கு இல்ல. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கோபமும் சட்டுன்னு வரும். "வேணாம் மாஸ்டர்"னு எனக்குப் பேரே வச்சுட்டாங்க. நான் வர்றதைப் பார்த்தா, "அந்தா வேணாம் வருது, தொப்பியை மாட்டுங்கடா"ம்பானுங்க. எனக்கு அது பழகிப்போச்சு. திட்டிக்கிட்டாவது மாட்டுறானுங்களேன்னு இருந்துடுவேன்.

என் மனைவி எஸ்தரோட ஒரே தம்பி டேவிட். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைங்க ரெண்டு பேரும். எஸ்தர் கொழுந்து எடுத்து வளர்த்த தம்பி அவன். அணை வேலைக்கு வர்றேன்னு அவன் ஒத்தக் கால்ல நின்னப்போ எஸ்தர் என்கிட்டதான் சொன்னா: "நீங்க இருக்கீங்கங்கிற தைரியத்துலதான் அனுப்புறேன். அவனுக்கு ஒன்னு ஆச்சு, அப்புறம் என் முகத்துல முழிக்காதீங்க." சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. ஆனா எனக்கு அது உள்ளுக்குள்ள போய் உக்காந்துக்கிச்சு.

சுரங்கத்துக்கு மேல, மலை உச்சியில இருந்து நேரா கீழ்நோக்கி ஒரு பெரிய குழி தோண்டுனாங்க. அதை நாங்க கிணறுன்னு சொல்லுவோம். தண்ணி கிடையாது, வெறும் பாறை. மேல நின்னு எட்டிப் பார்த்தா அடியில நிக்கிறவன் தொப்பி தேத்தண்ணிக் கோப்பை அளவுக்குத்தான் தெரியும். அந்தக் கிணறு அப்போ சுரங்கத்தோட சேரல. அடி மூடிக் கிடந்துச்சு, காத்துப் போக வேற வழியே இல்ல. சுவத்தோட அடிச்ச இரும்பு ஏணிதான் பாதை. அதுலதான் டேவிட்டுக்கும், கணேசன்னு இன்னொரு பையனுக்கும் வேலை.

மழைக்காலம் வந்துச்சு. நம்ம மழையைத்தான் உங்களுக்குத் தெரியுமே. காலையில பிடிச்சா சாயங்காலம் வரைக்கும் விடாது, குளிர் எலும்புல ஏறும். கிணத்துக்குள்ள மேலிருந்து தண்ணி ஊத்தும், கீழேயும் நனையும். அன்னைக்கு மத்தியானம் ரெண்டு பேரும் ஒரு காரியம் செஞ்சாங்க. மேல கிணத்து வாயைத் தார்ப்பாயால இழுத்து மூடிட்டாங்க, மழை விழாம. சமையல் கொட்டில்ல இருந்து ஒரு தகரவாளி நெறையத் தணலை வாங்கிக் கீழே இறக்கிக்கிட்டாங்க. கை கால் காய வச்சுக்கலாம், ரொட்டியைச் சூடு பண்ணிக்கலாம்னு நெனப்பு.

உள்ளே நெருப்பு வேணாம்னு நான் தொண்டை கிழியக் கத்தியிருக்கேன். ஆனா பாருங்க, நம்ம லயத்துப் பழக்கம் வேற மாதிரி. பிள்ளை பெத்தவ கிடக்குற காம்பராவுல கட்டிலுக்குக் கீழே தணல் வைக்கிறோம் இல்லியா? முதல்ல வெளியில வச்சுப் புகை எல்லாம் அடங்குற வரைக்கும் விசிறி, நல்லா சிவந்த பிறகுதான் உள்ளே கொண்டு வருவோம். புகைதான் கெட்டது, தணல் நல்லதுன்னு நமக்கு யாரும் சொல்லிக் குடுக்க வேண்டியதில்ல, பாலோட குடிச்சது. நம்ம காம்பராவுல கூரைத் தகரத்துக்கும் சுவத்துக்கும் நடுவுல கை போற அளவு சந்து இருக்கு. அதனால ஒன்னும் ஆகாம தப்பிச்சுக்கிட்டு வந்திருக்கோம். அந்தக் கிணத்துல சந்து எங்க இருக்கு? அதுவும் வாயைத் தார்ப்பாயால மூடுன கிணறு.

துரை அன்னைக்குக் கொழும்பு போயிருந்தாரு. நான் ஆத்தோரம் கல்லுடைக்கிற இடத்துல நின்னேன். மேலருந்து ஒரே கூச்சல். ஓடுறேன், சேறு வழுக்குது, விழுந்து எந்திரிச்சு ஓடுறேன். போய்ப் பார்த்தா தார்ப்பாய் பாதி விலகிக் கிடக்கு, ஆளுங்க கிணத்தைச் சுத்தி நிக்கிறாங்க. மண் வாளி இறக்கப் போனவங்க கூப்பிட்டிருக்காங்க, கீழே இருந்து பதில் இல்ல. மாரிமுத்துன்னு டேவிட்டோட உயிர்ச் சிநேகிதன், அவன் ஒன்னும் யோசிக்காம ஏணியில இறங்கிட்டான். அடியில போய் டேவிட்டைத் தூக்கக் குனிஞ்சான். குனிஞ்சவன் நிமிரல. இப்போ மூணு பேர் கீழே.

அடுத்த ஆள் ஏணியில கால வச்சுட்டான். கணேசனோட சொந்த அண்ணன் ராமையா. அவன் சட்டையைப் பிடிச்சு இழுத்துத் தள்ளிட்டு நான் ஏணி வாயில நின்னேன்.

துரை எனக்கு ஆயிரம் சொல்லிக் குடுத்திருப்பாரு, அதுல ஒன்னை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லுவாரு. மூடுன இடத்துல ஒருத்தன் விழுந்தா, அங்க காத்துக் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். காப்பாத்த இறங்குறவனும் விழுவான். அவனைக் காப்பாத்த இறங்குறவனும் விழுவான். முதல்ல நல்ல காத்தை உள்ளே அனுப்பு, பிறகு கயிறு கட்டி ஆளை அனுப்பு. கேக்கும்போது ரொம்ப லேசா இருந்துச்சு. சொந்த மச்சான் கீழே கிடக்கும்போது செஞ்சு பாருங்க.

"அண்ணே, விலகுங்க!"ன்னு ராமையா கத்துறான்.

"விலக மாட்டேன். காத்து இல்லடா உள்ளே. போனா நீயும் செத்துருவே!"

"செத்தா சாகுறேன், என் தம்பிடா அவன்! உங்க மச்சானும்தானே கிடக்குறான்? நீங்கல்லாம் மனுசனா?"

கன்னத்துல ஓங்கி ஒரு அறை விட்டான். கண்ணுல பூச்சி பறந்துச்சு. நான் விலகல. சுத்தி நின்னவங்க எல்லாம் ஏசுறாங்க. கூலிக்கு நிக்கிறவன், வெள்ளைக்காரன் காலை நக்குறவன்னு வாயில வந்ததெல்லாம் சொன்னாங்க. எனக்கு அது வலிக்கல. எனக்குள்ளயே ஒருத்தன் "இறங்குடா, இறங்குடா"ன்னு கத்திக்கிட்டிருந்தான், அதுதான் தாங்க முடியல. ஒரு கால் தானா ஏணிப் படியைத் தேடிப் போகுது. எஸ்தர் முகம் முன்னால வந்து நிக்குது. இறங்கிச் செத்தாக்கூட அவ என்னைக் குத்தம் சொல்ல மாட்டா, மேல நின்னேன்னா காலம் பூரா சொல்லுவா. 

காத்து அனுப்ப ஒரே வழிதான் இருந்துச்சு. பாறை துளைக்கிற மெஷினுக்குக் காத்தடிக்கிற கம்ப்ரசர் கிணத்துப் பக்கத்துலேயே நிக்குது. குழாயும் நீளமா இருக்கு. ஆனா அதை ஓட்டுற பண்டா அன்னைக்கு அரை நாள் லீவு. டீசல் திருட்டுப் போகுதுன்னு அவன் எப்பவும் மூடியைப் பூட்டிச் சாவியை இடுப்புல சொருகிக்கிட்டுத்தான் போவான். ஒருத்தனை ரோட்டுக்கு ஓட விட்டேன். அவன் பாதி தூரம் போகல, மேல் ரோட்டுல பஸ் போறதை நாங்க எல்லாருமே கண்ணால பார்த்தோம். பண்டா அதுல போயிருப்பான். அவன் ஊர் மலைக்கு அந்தப் பக்கம்.

பூட்டை அலவாங்குக் கம்பியால அடிக்கச் சொன்னேன், நெளியுதே தவிர உடையல. தார்ப்பாயை முழுசா எடுக்கச் சொன்னேன். ஒரு சாக்குல கல்லைக் கட்டிக் கயித்துல மேலயும் கீழேயும் இழுக்கச் சொன்னேன், காத்துக் கொஞ்சமாவது அசையட்டும்னு. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் செஞ்சாச்சு. அதுக்கு மேல எனக்கு ஒன்னும் தெரியல.

அப்பதான் ஜெபம் பண்ணினேன். முழங்கால் போடல, கண்ணையும் மூடல. கண்ணை மூடினா ராமையா இறங்கிருவான். சத்தியமாச் சொல்றேன், பக்தியா ஒரு வார்த்தையும் வரல. ஆண்டவர் மேல கோபம்தான் வந்துச்சு. "நீர் எங்க இருக்கீர்? நான் ஒருத்தனே நிக்கிறேனே"ன்னு கேட்டேன். பிறகு ரெண்டு காரியம் கேட்டேன். "ஆண்டவரே, இறங்காம நிக்க எனக்குப் பலம் குடும். அந்தப் பிள்ளைங்களுக்குக் காத்துக் குடும்." இவ்வளவுதான். மழைத் தண்ணியா கண்ணீரான்னு தெரியல, முகமெல்லாம் ஊத்துது. இதையே சொல்லிக்கிட்டு நின்னேன்.

நம்புங்க, ஏணியைத் தேடிக்கிட்டிருந்த அந்தக் கால் அடங்கிருச்சு. பயம் போகல. அழுகை போகல. கால் மட்டும் மண்ணுல ஊன்றி நின்னுச்சு. அது என் பலம் இல்லன்னு எனக்கு நல்லாத் தெரியும். என் பலம் எவ்வளவுன்னு என்னை விட யாருக்குத் தெரியும்?

நின்னுக்கிட்டே இருக்கேன், தேயிலைக்குள்ள இருந்து குடையைப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தன் வர்றான். பஸ்காரனைச் சிங்களத்துல கிழி கிழின்னு கிழிச்சுக்கிட்டு வர்றான். பண்டா!

அந்த பஸ் டிரைவர் பண்டாவோட ஊர்க்காரன். எவ்வளவு கூட்டமா இருந்தாலும் அவனுக்கு நிப்பாட்டாம போனது கிடையாது. அன்னைக்குக் கையைக் காட்டக் காட்ட நிக்காம போயிட்டான். அடுத்த பஸ்ஸுக்கு நேரம் இருக்கேன்னு, தேத்தண்ணி குடிக்கலாம்னு குறுக்கு வழியில திரும்பி வந்திருக்கான்.

"மொக்கத மல்லி உனே?"ன்னான், என்னடா தம்பி ஆச்சுன்னு. நான் கிணத்தைக் காட்டினேன். அந்த மனுசன் அதுக்கு மேல ஒன்னும் கேக்கல. குடையைத் தூக்கி எறிஞ்சுட்டு ஓடிப் போய்ப் பூட்டைத் திறந்தான். மெஷின் அப்போதான் ஓடி நின்ன மாதிரி ஒரே அடியில பிடிச்சுக்கிச்சு. மழை நாள்ல அது அப்படிப் பிடிக்கிற மெஷினே இல்ல. புகைக்குழாய் கிணத்துப் பக்கம் பார்த்தபடி இருந்துச்சு, நாலு பேரைச் சேர்த்து மெஷினையே தள்ளித் திருப்பினோம். காத்துக் குழாயை அடி வரைக்கும் இறக்கினோம். அது போட்ட இரைச்சல் இருக்கே, கீழே புயல் அடிக்கிற மாதிரி கேட்டுச்சு. எனக்கு அது ஆண்டவரோட சத்தமாத்தான் கேட்டுச்சு.

கொஞ்ச நேரம் அடிக்க விட்டேன். அந்தக் கொஞ்ச நேரம் ஒரு யுகம். பிறகு என் நெஞ்சுல பெல்ட்டைப் போட்டுக் கயித்தைக் கட்டினேன். கயித்தோட மறுபக்கத்தை ராமையா கையில குடுத்தேன். "நான் விழுந்தா இழு. யாரும் பின்னால வரக் கூடாது"ன்னேன். என்னை அறைஞ்ச கைதான். ரெண்டு சுத்துச் சுத்திப் பிடிச்சுக்கிட்டான்.

கீழே மூணு பேரும் கிடந்தாங்க. மாரிமுத்து ஏணிக்குக் கிட்ட, கணேசன் நடுவுல, டேவிட் மூலையில, தணல் வாளிக்குப் பக்கத்துல. என் கை டேவிட் பக்கம்தான் துடிச்சுது. ஆனா வழியில கிடக்குறவனை எடுக்காம உள்ளே இருக்கிறவனை எடுக்க முடியாது. மாரிமுத்துவை வாளிக் கயித்துல கட்டி மேல அனுப்பினேன். பிறகு கணேசன். டேவிட் கடைசி. மேல போனதும் மாரிமுத்துவும் கணேசனும் மூச்சை இழுத்து இருமினாங்க. டேவிட் இருமல. வாயோட வாய் வச்சு ஊதினேன். எங்கயோ ஆழத்துல நூல் மாதிரி ஒரு மூச்சு இருந்துச்சு. அப்படியே ஜீப்புல போட்டு டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம்.

டொக்டர் பார்த்த உடனேயே ஒட்சிசன் குடுத்தாரு. தணல்ல இருந்து வர்ற விசக் காத்து, அதுக்கு மணமும் கிடையாது நிறமும் கிடையாதுன்னு சொன்னாரு. மத்த ரெண்டு பேரும் பிழைச்சுக்குவாங்க, இவனைப் பத்தி இப்ப ஒன்னும் சொல்ல முடியாதுன்னாரு.

எஸ்தர் வந்தா. கொழுந்துக் கூடையைப் போட்ட இடத்துல போட்டுட்டு, இடுப்புல கட்டுன சாக்கோடயே வந்தா. அவளுக்கு முன்னால செய்தி வந்திருச்சு. உன் தம்பி உள்ளே சாகக் கிடந்தான், உன் வீட்டுக்காரர் மேல நின்னு வேடிக்கை பார்த்தாருன்னு யாரோ ஒரு புண்ணியவான் சொல்லியிருக்கான். என் பக்கத்துல உக்காரல. வாங்குப் பலகையோட மறுகோடியில உக்காந்தா. திட்டியிருந்தாத் தாங்கியிருப்பேன்.  ஐயோ, அவ அப்படித் தள்ளி உக்காந்தது ராமையா அறையை விட பலமா விழுந்துச்சு.  ஆண்டவர்கிட்ட மட்டும், "பாதி வேலையில விட்டுட்டுப் போயிராதீர்"னு சொல்லிக்கிட்டிருந்தேன்.

மறுநாள் காலையில டேவிட் கண் முழிச்சான். அக்காவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். முதல்ல கேட்டது என்ன தெரியுமா? "மச்சான், ரொட்டி கருகிருச்சா?" அடப் பாவி! எஸ்தர் சிரிக்கிறா, அழுகிறா, தலையில தலையில அடிச்சுக்கிறா. நர்ஸ் அம்மா வந்து எங்களை வெளியே துரத்துற வரைக்கும் சத்தம்.

வெளியில ராமையா நின்னுக்கிட்டிருந்தான், தம்பியைப் பார்க்க வந்தவன். எஸ்தர் முன்னால வந்து, "அக்கா, நான் உங்க வீட்டுக்காரரை அடிச்சுட்டேன். அவர் மட்டும் மறிக்கலேன்னா நானும் இறங்கியிருப்பேன், எனக்குப் பின்னால இன்னும் எத்தனை பேரோ. தோட்டமே இன்னைக்கு எழவு வீடா இருந்திருக்கும்"னு சொல்லி விக்கி விக்கி அழுதான். பெரிய முரடன் அவன். அப்படி அழுது அதுக்கு முன்னால நான் பார்த்ததில்ல.

அவன் போன பிறகு எஸ்தர் வாங்குல என் பக்கத்துல வந்து உக்காந்தா. கன்னத்துல இருந்த வீக்கத்தைத் தொட்டுப் பார்த்தா. பிறகு கேட்டா:

"ஏங்க, அவனை அப்படிப் பார்த்துக்கிட்டு மேல நிக்க உங்களுக்கு எப்பிடிங்க மனசு வந்துச்சு?"

"மனசு வரலடி. ஆண்டவர்கிட்ட கேட்டு வாங்கினேன்"னேன்.

அவ என் கையைப் பிடிச்சுக்கிட்டா. அதுவரைக்கும் கல்லு மாதிரி நின்னவன், அங்கதான் உடைஞ்சு அழுதேன்.

பிற்பாடு பண்டா அந்த டிரைவரைப் பிடிச்சு, ஏன்டா நிக்காம போனேன்னு கேட்டானாம். அன்னைக்கு முன் சீட்டுல டிக்கட் செக்கர் உக்காந்திருந்தாராம், ஆள் வேற நிரம்பி வழிஞ்சுச்சாம், பயத்துல நிப்பாட்டலயாம். செக்கர் எப்பவாவது ஒருநாள் ஏறுவாரு, அது யாருக்கும் தெரியும். அன்னைக்கு, அந்த பஸ்ஸுல, அவரை ஏத்தி உக்கார வச்சது யாரு? நீங்க வேற பேர் சொல்லலாம். நான் ஆண்டவர்னுதான் சொல்லுவேன், யார் வந்து கேட்டாலும்.

அதுக்குப் பிறகு என் வாழ்க்கை மாறிருச்சு. பெருநாளுக்கு மட்டும் கோயிலுக்குப் போன ஆள் நான், இப்ப ஜெபம் இல்லாம வேலைக்கு இறங்குறது கிடையாது. கத்துறதையும் குறைச்சுக்கிட்டேன். எஸ்தரைக் கேட்டா அது பொய்யும்பா. "வேணாம்"னு சொன்ன கையோட ஏன் வேணாம்னும் சொல்லக் கத்துக்கிட்டேன். ஞாயித்துக்கிழமையில லயம் லயமாப் போய், பிள்ளை பெத்த வீடுகள்ல உக்காந்து இந்தக் கதையைச் சொல்லுவேன். தணல் வைங்க, குளிருக்கு வேணும்தான், ஆனா ஜன்னலைச் சாத்தாதீங்கன்னு சொல்லுவேன். கிழவிங்க முதல்ல என்னை விரட்டுனாங்க. டேவிட்டைக் கூட்டிக்கிட்டுப் போய் முன்னால நிறுத்துன பிறகு கேட்டாங்க.

உங்கள்ல யாராவது இப்ப அந்த மாதிரி ஒரு கிணத்து வாயில நின்னுக்கிட்டிருக்கலாம். நோயா இருக்கலாம், வீட்டுச் சண்டையா இருக்கலாம், எனக்குத் தெரியாது. எதையாவது செய்யணும்னு கை காலெல்லாம் துடிக்கும். அவர்கிட்ட கேளுங்க. கோபமா இருந்தா கோபமாவே கேளுங்க, என்கிட்ட அவர் கோவிச்சுக்கல. இறங்க வேண்டிய நேரம் வந்தா இறங்கவும் அவர் பலம் குடுப்பாரு, கயித்தைக் கட்டிக்கிட்டு இறங்குங்க. அதுவரைக்கும் நிக்கிறதுக்குப் பலம் கேளுங்க. எனக்குக் குடுத்தாரு. என் மச்சான் அந்தா, கடைசி வாங்குல பிள்ளையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். ஆண்டவருக்கே தோத்திரம்.